ஒழுகிய எண்ணெயும் ஓர் அளவியும்

சிறு துளி பெரு வெள்ளம் என்பது நம் முன்னோர் மொழி. சேமிப்பை வற்புறுத்தும் பொருட்டே அம்மொழி பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. உண்டியலிற் காசு போடும் சிறுவனுக்கும், சிக்கனச் சங்கக் கூட்டத்திற் பேசும் பெரியவருக்கும் அது கைகண்ட மருந்து. ஆயின் அதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. சேர்கின்ற துளி பெரு வெள்ளமாகுமாயின், ஒழுகுகின்ற துளியும் பெரு வெள்ளமே ஆதல் வேண்டும். இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது நீதி நூலன்று. பழைய உழவு இயந்திரம் ஒன்றின் டீசல் அடைப்பு வால்வு.

கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். துடுப்பாட்டப் போட்டிகளையும், விடுதி உணவையும், நாவலர் குருபூசை நாளில் நிகழ்ந்த சொற்போர்களையும் பற்றி எழுதவல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுவது எண்ணெய் ஒழுகிய கதை. அதற்கும் கல்லூரிக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருளல் வேண்டும்.

எமது ஊர் கொக்கிளாய். முல்லைத்தீவு நகரிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே செல்லும் பாதை அளம்பில், செம்மலை, நாயாறு என்பவற்றைக் கடந்து, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கிராமங்களினூடாக எமதூரை அடையும். கிழக்கே கடல், உட்புறத்தே பரந்து கிடக்கும் கொக்கிளாய்க் களப்பு. களப்பின் முகத்துக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. களப்பு 1951ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஊரவர் ஒரு கை களப்பிலும் கடலிலும், மறு கை மானாவாரி வயலிலுமாக வாழ்ந்தவர். உப்புக் காற்று இரவும் பகலும் வீசும் அவ்விடத்தில் மனிதர் நெடுநாள் வாழ்வர், இரும்பு வாழாது.

அத்தகைய ஊரில் அறுபது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் இரும்பு ஒன்று உண்டு. எம் தந்தையார் 1963ஆம் ஆண்டில் வாங்கிய மசி பெர்குசன் 35 உழவு இயந்திரமே அது. ஹரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரரின் பெயர் தாங்கிய சிறிய சாம்பல் நிற இயந்திரங்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அவரது நிறுவனம் 1953இல் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1958 முதல் மசி பெர்குசன் என்ற பெயர் வழங்கலாயிற்று. 35ஆம் இலக்க இயந்திரம் அக்காலத்துக்கு உரியது. எமது இயந்திரத்துக்கு உயிர் கொடுப்பது மூன்று சிலிண்டர்கள் கொண்ட பேர்க்கின்ஸ் டீசல் என்ஜின். எளிமையானது, கொடுத்ததைக் குடித்துச் சொன்னதைச் செய்வது.

தந்தையார் தம் வயலை உழுததோடு நில்லாது, காலபோகம் தோறும் அயலூர் வயல்களையும் கூலிக்கு உழுதார். அக்கூலியே யாழ்ப்பாணத்தில் எமது விடுதிக் கட்டணமாயிற்று. ஒவ்வொரு தவணையும் தபாற் கட்டளையாக வந்த அப்பணத்தில் டீசல் மணம் வீசியதென யாம் அந்நாளிற் கேலி பேசியதுண்டு. எண்ணுந்தோறும் நாணுகின்றோம்.

பின்னர் எம் தங்கையாருக்கு மணம் பேசியபோது வயலும் உழவு இயந்திரமும் சீதனமாயின. 1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் வன்செயல் மூண்டு, கொக்கிளாயும் அயற்கிராமங்களும் ஆளற்ற ஊர்களாயின. அன்று இவ்வியந்திரத்தின் பெட்டியில் ஏறியே எம் உறவினரும் அயலவரும் வடக்கு நோக்கி வந்தனர். முள்ளியவளையில் ஒரு வளவிற் கொட்டில் போட்டு வாழ்ந்த காலமெல்லாம் இயந்திரமும் அவ்வளவிலேயே நின்றது. 1990இன் பின் எரிபொருள் வன்னிக்கு வருவது தடைப்பட்டது. டீசல் போத்தலில் அளந்து விற்கப்பட்டது. மண்ணெண்ணெயோடு பிற எண்ணெய் கலந்தும் அவ்வியந்திரம் ஓடிற்று, உழுதது, நோயாளரைச் சுமந்தது. 2008இன் இறுதியில் வளவையும் இயந்திரத்தையும் விட்டு மக்கள் ஓட நேர்ந்தது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்று, மீண்டு வந்து பார்த்தபோது சில்லுகளும் பற்றறியும் போயிருந்தன, என்ஜின் இருந்தது. தங்கையின் கணவர், எம் மைத்துனர், அதற்குச் சில்லும் பற்றறியும் தேடிப் பூட்டி, ஊருக்கு மீளக் குடியேறியபோது அதனையும் உடன் கொண்டு சென்றார்.

இனி வால்வின் கதைக்கு வருவோம்.

2022ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் யாம் கொக்கிளாய்க்குச் சென்றோம். நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் நிலவிய ஆண்டு அது. ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவை எட்டியது. யாம் சென்ற காலத்திற் சிறிது இறங்கியும் 400 ரூபாவுக்கு மேலேயே நின்றது. வரிசையில் நின்று, கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்காகப் பெறவேண்டிய நிலை. அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் மைத்துனரின் விளைச்சல் குன்றிக் கடன் ஏறியிருந்தது. புழுதி விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டிய நாட்கள் வந்துவிட்டன. மழை முந்தினால் அவ்வாண்டு விதைப்புத் தவறும்.

முற்றத்து வேம்பின் கீழ் நின்ற இயந்திரத்தை அணுகியபோது டீசல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. தாங்கியின் கீழே ஒரு பால்மாத் தகரம் வைக்கப்பட்டிருந்தது. அதனுள் ஆறு வினாடிக்கு ஒன்றாகத் துளி வீழ்ந்துகொண்டிருந்தது. அதற்கருகே மண்ணும் கறுத்துக் கிடந்தது. தகரம் வைக்கப்படுமுன் எவ்வளவு வீணாயிற்றோ!

"எவ்வளவு காலமாய் இப்பிடி?" என்று வினவினோம்.

"அது கனகாலம் மச்சான். தகரம் நிறைஞ்சால் திரும்ப ஊத்திறம்," என்றார் மைத்துனர். பின்னர்ச் சற்றுத் தாழ்ந்த குரலில், "பழைய இரும்பு எடுக்கிற ஆள் ஒருத்தர் வெள்ளிக்கிழமை வாறன் எண்டவர். குடுத்துப்போட்டு ஆரையும் பிடிச்சுக் கூலிக்கு உழுவிப்பம் எண்டு யோசிக்கிறன்," என்றார்.

அன்று திங்கட்கிழமை. தங்கை அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு தகரத்தைத் துடைத்து வைத்தோம். விடியற்காலையில் எடுத்து அளந்தபோது 200 மில்லிலீற்றர் இருந்தது. ஓரிரவில் 200 மில்லிலீற்றர் எனின், முப்பது இரவில் 6 லீற்றர். லீற்றர் 400 ரூபா என்றே கொள்ளினும் மாதம் 2,400 ரூபா. தகரத்தில் விழுந்ததைத் திரும்ப ஊற்றலாமே எனின், அதில் தூசியும் பனியும் சேர்கின்றன. வடியிற் பிடிபடாத தூசி எரிபொருட் பம்பியைத் தின்னும். ஆகவே மீட்ட துளியும் முழுதாய் மீண்ட துளியன்று.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. என்ஜின் நிற்கும்போது எண்ணெய் வெளியே ஒழுகுகின்ற வாய், என்ஜின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும். ஏற்றும் பம்பி தாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சுகின்றது; உறிஞ்சும் பாதையில் இடைவெளி இருப்பின், எண்ணெயை விட எளிதாக நுழைவது காற்றன்றோ? டீசல் என்ஜினுக்குக் காற்றுக் குமிழி தொண்டையில் முள். நீர்ப்பொருளை அமுக்கினால் அது அழுத்தத்தை அப்படியே கடத்தும். காற்றை அமுக்கினால் அது சுருங்கி, அழுத்தத்தைத் தானே விழுங்கிவிடும். எண்ணெய் தெளிகருவியைச் சென்று திறக்க மாட்டாது. வயல் நடுவே இயந்திரம் அடிக்கடி மூச்சடைத்து நின்றதற்கு அதுவே காரணம். மைத்துனரோ பம்பி தேய்ந்துவிட்டதெனவும், அதற்குச் செலவிடுவதிற் பயனில்லை எனவும் எண்ணியிருந்தார். இரும்பு வியாபாரியை அழைத்தது உண்மையில் அப்பம்பியின் பொருட்டே.

மருமகனை அழைத்து, இதுவரை என்ன வைத்தியம் செய்தீர்கள் என விசாரித்தோம். அவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்பவன், கைவேலையில் ஆர்வமுள்ளவன்.

"ஒழுகினால் இறுக்குவம் மாமா. முந்திக் கையால இறுக்கினது. பிறகு குறடு. இப்ப பைப் ரெஞ்ச் போட்டுத்தான் இறுக்கிறது. இன்னும் ஒரு சுத்து இறுக்கிப் பாப்பமே?"

அச்சொல் கேட்டதும் எம் மனம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது. கல்லூரி அன்பர்கள் இதுகாறும் காத்திருந்த தொடர்பு இதுவே.

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் செய்முறைக்காக எமக்கு ஆளுக்கோர் அளவி தரப்படும். அக்காலத்து அளவியின் அடியில் கண்ணாடித் திருகு ஒன்று இருக்கும். கூம்பான கண்ணாடித் தண்டு, அதற்கேற்பக் குடையப்பட்ட கண்ணாடிக் கூட்டில் அமர்ந்திருக்கும். தண்டின் குறுக்கே ஒரு துளை. யாம் ஒருநாள் எடுத்த அளவி ஒழுகிற்று. பரீட்சை நெருங்கிய காலம். பதற்றத்தில் திருகை முழு வலிமையுடன் முறுக்கினோம். எம் பின்னே வந்து நின்ற ஆசிரியர் அளவியை வாங்கிக்கொண்டார். கோபித்தாரல்லர். தண்டைக் கழற்றி, துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓரிடத்தில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. அதனைத் துடைத்து, மெல்லிதாக வசிலின் பூசி, திரும்ப அமர்த்தி, இரு விரலாற் சுழற்றினார். ஒழுக்கு நின்றது. "இறுக்குவது வேறு, பொருத்துவது வேறு, தம்பி. பொருந்தாததை இறுக்கினால் இரண்டும் கெடும்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கூறாது அடுத்த மேசைக்குச் சென்றார்.

அன்று கூறியதை யாம் எத்தனையோ மாணவருக்கு அளவியைக் காட்டிக் கூறியதுண்டு. உழவு இயந்திரத்திலும் அதனையே காண நேருமென எண்ணியதில்லை.

அடைப்பு வால்வின் அமைப்பை இங்குக் கூறுதல் பொருந்தும். தாங்கியின் அடியில் பித்தளை உடல் ஒன்று புரியிட்டுத் திருகப்பட்டிருக்கும். அதனுள்ளே ஒரு தண்டு. தண்டின் நுனி கூம்பு. அக்கூம்பு அமரும் வட்ட வாய் ஒன்று உடலினுள் உண்டு. தண்டைத் திருகினால் கூம்பு வாயில் அமர்ந்து எண்ணெயை அடைக்கும். தண்டு வெளியே வருமிடத்தில் நூற்சுற்றும், அதனை அமுக்கும் நட்டும் இருக்கும். உடலின் கீழ் ஒரு கண்ணாடிக் கிண்ணம். எண்ணெயில் வரும் நீரும் துருவும் அதில் தங்கும். கிண்ணத்தின் விளிம்புக்கும் உடலுக்கும் இடையே ஒரு தக்கை வாசர்.

எங்கே ஒழுகுகின்றது என்பதை அறியாது ஒன்றையும் கழற்றலாகாது. எண்ணெய் வழுக்கி வழுக்கி அடிவரை வந்தே துளியாகும். துளி விழுமிடம் ஒழுகுமிடமன்று. யாம் வால்வை நன்கு துடைத்து உலரச் செய்து, ஒரு வெண்கட்டியை இடித்துத் தூளாக்கி அதன்மேல் தூவினோம். ஆசிரியராக வாழ்ந்தவர் வீட்டிலும் பையிலும் வெண்கட்டிக்குக் குறைவில்லை. சிறிது நேரத்தில் வெண்மையின் நடுவே ஈரம் இரண்டிடத்திற் கறுத்துத் தோன்றிற்று. ஒன்று தண்டின் கழுத்து. மற்றது கிண்ணத்தின் விளிம்பு.

"அப்ப ரெண்டு வாசர் மாத்தினாச் சரிதானே?" என்றான் மருமகன்.

"தம்பி, இயந்திரம் நிற்கும்போது வால்வு மூடியன்றோ இருக்கிறது? மூடியிருந்தால் கழுத்துக்கும் கிண்ணத்துக்கும் எண்ணெய் எப்படி வந்தது?" என்று கேட்டோம். அவன் சற்றே யோசித்து, கிண்ணத்தைக் கழற்றி, வால்வை மூடியபடியே வைத்துக் கீழிருந்து நோக்கினான். மேலிருந்து எண்ணெய் கசிந்து வந்தது. மூன்றாவது ஒழுக்கே முதல் ஒழுக்கு. அடைக்க வேண்டிய கூம்பு அடைக்கவில்லை.

தாங்கியிலிருந்த எண்ணெயை மெல்லிய சீலையில் வடித்துத் துப்புரவான கலனில் எடுத்தோம். அடியில் மிஞ்சியது கண்டு மைத்துனர் வியந்தார். ஒரு சிறங்கை நீர்; அதனுள்ளே செந்துரு. நீர் எங்கிருந்து வந்தது? யாரும் ஊற்றவில்லை. பாதி வெறுமையான தாங்கி மாதக் கணக்கில் நின்றால், அவ்வெற்றிடத்தில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தாங்கியின் சுவரிற் படிந்து வழியும். நீர் டீசலிலும் பாரமானது, அடிக்குச் செல்லும், அங்கே இரும்பைத் தின்று துருவாக்கும். அத்துரு வால்வின் வாயில் வந்து கூம்புக்கும் வாய்க்கும் இடையே சிக்கும். சிக்கிய துகளோடு இறுக்கும்போது, இரும்புத் துரு மென்மையான பித்தளையில் தடம் பதிக்கும். தடத்தால் ஒழுகும், ஒழுகுவதால் இன்னும் இறுக்குவர், இறுக்குவதால் தடம் இன்னும் ஆழமாகும். மைத்துனர் குடும்பம் பல ஆண்டுகளாகச் செய்த வைத்தியம் இதுவே.

கழற்றிய கூம்பை வெயிலிற் பிடித்து மருமகனுக்குக் காட்டினோம். அதனைச் சுற்றி மூன்று தடங்கள், ஒன்று நகம் தட்டுப்படுமளவு ஆழமாய், ஓடியிருந்தன. அன்று ஆசிரியர் அளவியின் தண்டைப் பிடித்ததுபோலவே யாமும் பிடித்திருந்தோம் என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று.

கிண்ணத்து வாசரைக் கழற்றியபோது மற்றொரு வரலாறு வெளிப்பட்டது. அது தக்கை அன்று. துவிச்சக்கரவண்டி டியூபில் வெட்டிய இறப்பர் வளையம். தடை நாட்களில் வேறொன்றும் கிடையாமையால் முள்ளியவளையில் வெட்டிப் போட்டதென மைத்துனர் நினைவு கூர்ந்தார். டியூபின் இறப்பர் நீருக்கு நல்லது. டீசலுக்கோ பகை, எண்ணெயைக் குடித்து வீங்கி, களியாகி, பிதுங்கும். வீங்கியபோது சில நாள் அடைக்கும்; அதனாலேயே அது நல்ல வைத்தியம் போலத் தோன்றும். தக்கை அவ்வாறன்று. அது ஒருவகை மரத்தின் பட்டை; காற்றடைத்த நுண்ணறைகளால் ஆயது. அமுக்கினால் பக்கவாட்டிற் பிதுங்காது தன்னுள்ளே ஒடுங்கும். ஆயினும் இல்லாத காலத்தில் அவ்விறப்பர் செய்த பணியை யாம் இகழவில்லை. மைத்துனர் அதனை எறிய மனமின்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார்.

மறுநாள் மருமகன் முல்லைத்தீவுக்குப் பேருந்தேறி, உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரு துண்டு தக்கைத் தகடு வாங்கி வந்தான். அதனைக் கிண்ணத்து விளிம்பின் அளவுக்கு வட்டமாக வெட்டி, உலர்ந்து வெடியாதிருக்க டீசலில் ஊற வைத்தோம்.

இனிக் கூம்பைப் பொருத்தும் வேலை. என்ஜின் வால்வுகளைத் தேய்க்கும் கரடுமுரடான பசையை மருமகன் கொண்டுவந்தான். அதனை வேண்டாமென்றோம். அதன் கடிய துகள்கள் பித்தளையிற் பதிந்து தங்கி, பின்னர் என்றென்றும் அரித்துக்கொண்டிருக்கும். பித்தளை விளக்குத் துலக்கும் பிராசோவில் ஒரு சொட்டும், எண்ணெய் ஒரு சொட்டும் போதும் என்றோம். தங்கை சுவாமியறையிலிருந்து அந்தத் தகரத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

கூம்பிற் பசையைத் தடவி, வாயில் அமர்த்தி, விரல் நுனியால் அரைச் சுற்று இடம், அரைச் சுற்று வலம் சுழற்ற வேண்டும். பத்துத் தடவைக்கொருமுறை தூக்கி, சிறிது திருப்பி, வேறிடத்தில் அமர்த்த வேண்டும். இல்லையேல் தேய்வு ஒருபக்கமாகும். அழுத்தலாகாது. இளைஞர்க்கு இதிற் கடினமானது அழுத்தாதிருத்தலே. மைத்துனர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு பார்க்க வந்தார். டீசற் சீலைகள் கிடக்குமிடத்தில் நெருப்புக்கு இடமில்லை எனக் கூறிக் கிணற்றடிக்கு அனுப்பினோம். தம் முற்றத்திலிருந்தே தாம் விரட்டப்பட்டதாக அவர் அங்கிருந்து முறையிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தின் பின் கழுவித் துடைத்துச் சோதித்தோம். கூம்பின்மேல் மேலிருந்து கீழாகப் பென்சிலால் எட்டுக் கோடுகள் வரைந்து, உலர்ந்தபடியே அமர்த்தி ஒருமுறை சுழற்றி எடுத்தால், தொடுமிடத்திற் கோடு அழியும். தொடாத இடத்தில் நிற்கும். ஐந்து கோடுகள் அழிந்திருந்தன, மூன்று அழியவில்லை. ஆழமான தடம் அப்பக்கமே. மருமகன் சோர்ந்தான்.

"கொஞ்சம்தானே மாமா மிச்சம்? இறுக்கினால் சரிவராதே?"

"எட்டும் அழியட்டும், தம்பி," என்றோம்.

அவன் மேலும் இரண்டு மணி நேரம் தேய்த்தான். யாம் வாங்கித் தேய்க்கலாம் என்று கை நீட்டியும் கொடுத்தானல்லன். இறுதியில் எட்டுக் கோடும் ஒரே மட்டத்தில் அறுந்திருந்தன. வால்வைப் பசையின் சுவடே இல்லாதபடி மண்ணெண்ணெயிற் கழுவினோம். பின்னர் இரு விரலால் மட்டும் மூடி, தாங்கிப் பக்கத்து வாயில் மண்ணெண்ணெய் நிரப்பி, ஒரு வெள்ளைக் கடதாசியின்மேற் பிடித்திருந்தோம். மண்ணெண்ணெய் டீசலிலும் மெல்லியது. அதற்கு வழிவிடாத வாய் டீசலுக்கு வழிவிடாது. கால் மணி நேரம் சென்றது. கடதாசி உலர்ந்தே இருந்தது.

கழுத்துக்குப் புதிய நூற்சுற்று வேண்டியிருந்தது. விளக்குத் திரிக்கு வைத்திருந்த பருத்தி நூலைக் கிறீசில் தோய்த்து, பென்சிற் கூரைச் சுரண்டிய காரீயத் தூளைச் சேர்த்து, நட்டு இறுகும் திசையிலேயே தண்டைச் சுற்றி அடக்கினோம். காரீயம் தண்டு வழுக்கிச் சுழல உதவும். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பனரால் கால் சுற்று மட்டும் வைத்தோம். பைப் ரெஞ்ச் அன்று முழுதும் சாக்கின்மேற் கிடந்தது.

வால்வைத் தாங்கியிற் பூட்டி, கழுவிய தாங்கியில் வடித்த எண்ணெயை ஊற்றினோம். டீசல் என்ஜினில் எரிபொருட் பாதையைக் கழற்றிப் பூட்டிய பின் காற்றை வெளியேற்றாது ஓட்ட முயல்தல் வீண். வால்வைத் திறந்து, வடியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, ஏற்றும் பம்பியின் கைப்பிடியை அடிக்க, முதலில் நுரையும் பின்னர்க் குமிழியும் அதன்பின் தெளிந்த எண்ணெயும் வந்தன. அவ்விடத்தை இறுக்கி, அடுத்துப் பெரிய பம்பியிலுள்ள இரு திருகுகளிலும் அவ்வாறே செய்தோம். கைப்பிடி அடிபடாது தளர்ந்து நின்றால், உள்ளே பம்பியை இயக்கும் முனை உயர்ந்து நிற்கின்றதெனக் கொண்டு என்ஜினை ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். இறுதியில் தெளிகருவிகளின் குழாய் நட்டுகளைத் தளர்த்தி என்ஜினைச் சுழற்ற, எண்ணெய் துள்ளிப் பீறிட்டது. இறுக்கினோம். மைத்துனர் ஆசனத்தில் ஏறினார்.

மூன்று சிலிண்டர்களும் ஒருங்கே முழங்கின. தங்கை வெளியே வந்து நின்றாள். அவ்வொலி கேட்டுத் தந்தையார் வயலிலிருந்து திரும்புகிறார் எனச் சிறுவயதில் யாமிருவரும் படலைக்கு ஓடிய நாட்கள் எம் இருவர் மனத்திலும் எழுந்தன என்பதை, அவள் முகம் பார்த்து அறிந்தோம்.

அன்றிரவு வால்வை மூடி, தகரத்தைத் துடைத்து அதே இடத்தில் வைத்தோம். வியாழன் விடியுமுன் மருமகன் எழுந்து டோர்ச் விளக்கோடு சென்றான். தகரத்தில் வேப்பம் பழுப்பிலை இரண்டு கிடந்தன; வேறொன்றுமில்லை. அன்று பகல் முழுதும் இயந்திரம் வயலில் ஒருமுறையும் மூச்சடைக்காது உழுதது. தேய்ந்ததென்று கருதப்பட்ட பம்பி நலமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை இரும்பு வியாபாரி வந்தார். நல்ல மனிதர், விலையும் நியாயமாகவே கேட்டார். மைத்துனர் அவருக்குத் தேநீர் கொடுத்து, "இப்போதைக்கு விடேல்லத் தம்பி," என்று மட்டும் கூறி அனுப்பினார். கடன் தீர்ந்துவிடவில்லை. 1984இற்கு முன் உழுத வயல் அனைத்தும் திரும்பக் கைக்கு வந்துவிடவும் இல்லை. ஒரு வால்வைச் செப்பனிடுவதால் அவை செப்பமாகா என்பதை யாம் அறிவோம். ஆயினும் கையிலிருந்த நிலத்துக்கு உரிய நாளில் விதை விழுந்தது.

ஊரைவிட்டுப் புறப்படுமுன் மருமகனுக்கு இரண்டு செய்திகளைக் கூறினோம். முதலாவது, உழவு முடிந்து இயந்திரத்தை நிறுத்திவைக்கும் காலத்தில் தாங்கியை இயன்றவரை நிறைத்து வைத்தல் வேண்டும். வெற்றிடம் இல்லையேல் ஈரத்துக்கு இடமில்லை. கிண்ணத்தில் நீர் கண்டால் உடனே வடித்தல் வேண்டும். இரண்டாவது, வால்வை நாள்தோறும் மாலையில் மூடிக் காலையில் திறத்தல் வேண்டும். டீசல் என்ஜினை நிறுத்துவதற்கு வேறு பிடி இருத்தலால், பலர் இவ்வால்வை மூடுவதே இல்லை. பல்லாண்டு திறந்தே கிடந்த வால்வு மூட வேண்டிய நாளில் மூடாது. துரு படிந்த பின் வலிந்து மூட முனைந்தால் உடையும் அல்லது வடுப்படும். பயன்படுத்தாத உறுப்பு தன் பயனை மறந்துவிடும் என்பது உடம்புக்கும் பொது, இயந்திரத்துக்கும் பொது.

அவன் இப்போது முல்லைத்தீவில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பிற் சேர்ந்து இயந்திரங்களைக் கற்கின்றான். தொலைபேசியிற் பேசும்போதெல்லாம், "தகரம் காய்ஞ்சுதான் கிடக்கு மாமா," என்பதே அவன் முதல் வார்த்தை.

எம் கல்லூரியின் புகழ் பேசுவோர், அது நாட்டுக்களித்த வைத்தியரையும் பொறியியலாளரையும் நியாயதுரந்தரரையும் எண்ணிப் பெருமைப்படுதல் முறையே. அப்பட்டியலில் இடம்பெறாத ஒன்றை யாம் இம்மலரிற் பதிவு செய்ய விழைகின்றோம். ஓர் உழவரின் கூலிப் பணத்தில் விடுதியில் இருந்து படித்த ஒரு சிறுவனுக்கு, ஆய்வுகூட மேசையருகே அரை நிமிடம் நின்று, ஓர் ஆசிரியர் கண்ணாடித் தண்டொன்றை வெளிச்சத்திற் காட்டினார். அவ்வரை நிமிடம் ஐம்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, அக்கூலியை ஈட்டிய இயந்திரத்துக்கே திரும்பச் சென்று சேர்ந்தது. அவ்வாசிரியர் இன்றில்லை; தந்தையாரும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கண்டதுமில்லை. அவ்விருவருக்கும் பட்ட கடனில் ஒரு சிறு துளியை இவ்வெழுத்தால் தீர்க்க முயன்றோம்.